மொய் நோட்டின் அடுத்த வரி: அன்றாடச் செயல்களில் தகவலும் பொருளும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவரின் பணிகளை அவைத் தலைவர் தம் உரையில் விரிவாகச் சொல்லிவிட்டார். அவற்றையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை, சொல்ல நினைத்ததைத் தயங்காமல் சொல்வது. நேரே பொருளுக்கு வருகிறேன்.

வழக்கு

இந்த அவையில் பலருக்கு என் வழக்கு ஏற்கெனவே தெரியும். கருத்தரங்குகளிலும் பாடத்திட்டக் குழுக் கூட்டங்களிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் துண்டு துண்டாக அதைப் பேசியிருக்கிறேன். முழுதாகப் பேச இன்றுதான் வாய்த்திருக்கிறது.

மக்கள் அன்றாடம் செய்யும் செயல்களை ஆராயும் நம் துறையில் இரண்டு தரப்பினர் இருக்கிறார்கள். ஒரு தரப்பினர் கண்ணால் கண்டதை எழுதுகிறார்கள்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள், எந்த மாதத்தில் நடந்தது. அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அது ஊகம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மற்றொரு தரப்பினருக்குக் கண்ணால் கண்டது போதாது. கோலம் என்றால் அண்டத்தின் குறியீடு, வெற்றிலை என்றால் வளமையின் குறியீடு, விருந்து என்றால் பகுத்துண்ணும் பண்பின் எச்சம் என்று ஓரெட்டில் ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள். இவர்களோடு அண்மைக்காலத்தில் சேர்ந்துகொண்டவர்கள், எந்த வழக்கத்துக்கும் ஒரு ‘அறிவியல் காரணம்’ கண்டுபிடிப்பவர்கள். வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கு உணவு, தோரணத்தில் மாவிலை கட்டுவது காற்றைத் தூய்மையாக்க என்று எழுதுகிறவர்கள். இவர்களையும் நான் இரண்டாம் தரப்பிலேயே வைக்கிறேன். செய்பவருக்குத் தெரியாத ஒரு பொருள் செயலுக்கு அடியில் புதைந்திருக்கிறது, அதை எடுத்துத் தருவதே ஆய்வாளர் வேலை என்று நினைப்பதில் இவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

இரண்டு தரப்பினரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஓர் அடிப்படை நம்பிக்கையில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். தகவல் மேலே இருக்கிறது, பொருள் கீழே இருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. ஒருவர் மேலேயே நின்றுவிடுகிறார், மற்றவர் மேலே நிற்காமலே கீழே போகிறார். என் வழக்கு அந்த நம்பிக்கையோடுதான்.

கண் சிமிட்டும் இரண்டு சிறுவர்களின் கதையை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். இரண்டு சிறுவர்கள் வலக்கண் இமையைச் சட்டென்று மூடித் திறக்கிறார்கள். ஒருவனுக்கு அது தன்னை அறியாத துடிப்பு. மற்றவன் நண்பனுக்குக் கண்ணடிக்கிறான். இமையை மட்டும் படம் பிடித்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கில்பர்ட் ரைல் சொன்ன இந்த எடுத்துக்காட்டைக் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1973இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பின் முதல் கட்டுரையில் எடுத்தாண்டார். அங்கிருந்து அது நம் வகுப்பறைகளுக்கு வந்தது. இன்று ஆய்வேடுகளின் முன்னுரை இயலில் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் பின் வரும் இயல்களில் அது எந்த வேலையும் செய்வதில்லை என்பது என் வருத்தம். இந்தக் கதையிலிருந்து நம் நண்பர்கள் எடுத்துக்கொண்டது, ‘இமை அசைவு முக்கியமல்ல, உள்ளே இருக்கும் பொருளே முக்கியம்’ என்பது. கதை அதைச் சொல்லவில்லை. அந்தப் பையன் கண்ணடித்தானா, அவன் கண் துடித்ததா என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வோம்? எதிரே யார் நின்றார்கள், அதற்கு முன் என்ன பேச்சு நடந்தது, கண் சிமிட்டியதும் எதிரே நின்றவன் என்ன செய்தான் என்பவற்றைக் கொண்டுதான். இவை அத்தனையும் தகவல்கள். கண்ணால் காணக்கூடியவை, குறித்துவைக்கக்கூடியவை. ஒரு செயலின் பொருள் அதற்குப் பக்கத்தில் உள்ள தகவல்களில் இருக்கிறது.

இதை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் காட்ட விரும்புகிறேன்.

மொய்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த திருமணம். நான் மணமகள் வீட்டாருக்குத் தெரிந்தவன் என்ற முறையில் போயிருந்தேன். ஆய்வுக்காகப் போகவில்லை. ஆனால் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். படித்தவர் என்றால் அங்கே உட்காரவைப்பது வழக்கம்.

மேசையில் மூன்று பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார். ஒருவர் எழுதுகிறார். ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பணத்தை அதற்குள் போடுகிறார். எழுதியவர் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மணமகளின் தந்தைக்கு மாமன் முறை. நோட்டு நீளவாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, தேதியும் இடமும் எழுதி, முதல் வரியில் குலதெய்வத்தின் பேரில் ஒரு தொகை வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் மனிதர்கள். ஊர்ப் பெயர் முதலில், பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு பெயர், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடையாளத்துக்குத் தொழிலோ பட்டப்பெயரோ, கடைசியில் தொகை. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.

கூட்டம் ஏறியிருந்த நேரம். பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்வதற்குள்ளேயே ஊரை எழுதிவிடுவார். ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி சட்டை. பணத்தை உறையில் வைக்காமல் அப்படியே நீட்டினார். ஆயிரத்து ஒன்று. எழுதினார்கள். அவர் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த இளைஞர் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். ஊர் அதே ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் அதே எழுத்து. எழுதியவர் பேனாவை நிறுத்தினார்.

“உங்க வீட்டு மொய்ய அண்ணன் எழுதிட்டாரேப்பா.”

“அது அண்ணன் மொய் தாத்தா. இது என் மொய். என் பேருலயே எழுதுங்க.”

“ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேடா.”

“பரவால்ல, எழுதுங்க.”

எழுதியவர் தலையைத் தூக்கி, மேசைக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்த பெண் வீட்டுப் பெரியவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பேனா மறுபடி ஓடியது. அண்ணன் வரிக்கு அடுத்த வரியில் தம்பி பெயர், ஐந்நூறு.

அன்று இரவு, பந்தல் பிரிக்காத வாசலில், மணமகளின் தந்தை நோட்டை விரித்து வாசித்தார். அவர் மனைவிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வீட்டின் மொய்க் கணக்கு முழுவதும் அவர் நினைவில் இருந்தது. எந்த வீட்டுக்கு எந்தக் காரியத்தில் எவ்வளவு செய்தோம் என்று கேட்டால், அந்தக் காரியம் நடந்த மாதத்தோடு சேர்த்துச் சொல்லுவார். கணவர் வாசிக்க வாசிக்க “ம்” கொட்டிக்கொண்டே வந்தவர், அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“எவ்வளவு?”

“ஆயிரத்து ஒன்னு.”

“நாம அவுக கல்யாணத்துக்குச் செஞ்சதும் அதுதான?”

“ஆமா, அதே ஆயிரத்து ஒன்னுதான்.”

“சாப்பிட்டாகளா?”

பந்தியைக் கவனித்த அந்த அம்மாவின் தம்பி சொன்னார்: “பந்திக்கு வரலக்கா. தாம்பூலப் பையும் வாங்கல.”

“அப்ப முடிச்சுக்கிட்டாக,” என்றார் அந்த அம்மா. பிறகு, “சரி, அடுத்தத வாசிங்க.”

இதற்குப் பின்னணியையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அண்ணனின் திருமணத்துக்கு இவர்கள் ஆயிரத்து ஒரு ரூபாய் மொய் வைத்திருந்தார்கள். அப்போது அது பெரிய தொகை. பிறகு அந்த வீட்டில் தகப்பனார் காலமாகி, அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்தார்கள். நிலம், வீடு, கிணற்றுப் பங்கு ஆகியவற்றோடு மொய் நோட்டையும் பிரித்தார்கள். இன்னின்ன வீட்டு மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டியது அண்ணன், இன்னின்ன வீட்டுக்குத் தம்பி என்று. இந்த வீடு அண்ணன் பங்கில் விழுந்தது. கிணற்றில் மோட்டார் ஓட்டும் முறை நாள் தகராறாகி ஊர்ப்பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது, மணமகளின் தந்தை தம்பி பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னார். அண்ணன் அதை மறக்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அண்ணன் ஆயிரத்து ஒன்று, தம்பி ஐந்நூறு. கூட்டிக் கழிக்கும் நண்பர்கள் கையில் இந்த நோட்டைக் கொடுத்தால், அண்ணன் தம்பியைப் போல் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறார் என்பார்கள். வாங்கிய கடன் முழுதாகத் திரும்பியது என்பார்கள். எண்களில் பிழை இல்லை. ஆனால் அண்ணன் அன்று வந்தது உறவைத் தீர்த்துக்கொள்ள. பன்னிரண்டு ஆண்டு கழித்து, வாங்கிய தொகையை ஒரு ரூபாய் கூட்டாமல் அப்படியே திருப்பி வைப்பதற்கு அந்தப் பக்கத்தில் பொருள் அதுதான். கூட்டி வைத்தால் கூடுதல் தொகை மறுபடி எதிர்வீட்டின் மேல் கடனாக நிற்கும், உறவு தொடரும். சரியாக வைத்தால் இரண்டு பக்கமும் சுழி. தம்பியோ செய்ய வேண்டிய கடன் எதுவும் இல்லாமல், கல்யாணம் ஆகாத நிலையில், தன் பெயரில் புதிதாக ஒரு வரியைத் திறந்தார். நான் இனித் தனிக் குடும்பம், உங்களோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று ஊர் அறிய எழுதிவைத்தார். ஐந்நூறு ரூபாய் அன்று அந்த நோட்டில் இருந்த எந்தப் பெரிய தொகையையும் விட அதிகம் பேசியது.

குறியீடு தேடும் நண்பர்களிடம் அதே பக்கத்தைக் கொடுத்தால், மொய் என்பது கூட்டு வாழ்வின் அடையாளம், பகிர்தலின் சடங்கு என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் அண்ணன் வரிக்கும் தம்பி வரிக்கும் ஒரே பொருள் வந்துவிடும். உறவை முறிக்கும் செயலையும் தொடங்கும் செயலையும் ஒன்றாகக் காணும் விளக்கத்தை ஆழமான விளக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் என் மனத்தில் நின்றது அந்த அம்மாவின் கேள்வி: “சாப்பிட்டாகளா?” தொகை சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் உடனே முடிவுக்கு வரவில்லை. ஏனென்றால் சரியான தொகைக்கு வேறு காரணமும் இருக்கலாம். அதே நோட்டில், அதே இரவில், இன்னொரு வரியிலும் செய்ததும் வந்ததும் ஒன்றாக இருந்தன. அந்த மனிதர் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பந்தி வரை சாம்பார் வாளி தூக்கியவர். அந்த வரிக்கு அந்த அம்மா சொன்னது: “அவுகளுக்கு இந்த வருசம் முடியல. மேல பாத்துக்குவாக.” ஒரே எண்கணிதம், இரண்டு தீர்ப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டியது நெஞ்சுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அல்ல. கை நனைத்தாரா இல்லையா, தாம்பூலப் பை வாங்கினாரா இல்லையா என்ற, பந்தி பரிமாறிய யாரும் சொல்லக்கூடிய தகவல்.

எழுத்தறியாத அந்தப் பெண்மணி செய்தது ஆய்வு. ஐயம் வந்த இடத்தில் நின்றார், ஐயத்தைத் தீர்க்கும் அடுத்த தகவல் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைக் கேட்டு வாங்கினார், அதன் பிறகே முடிவு சொன்னார். பேனாவை நிறுத்திய ஆசிரியரும் அதையே செய்தார். அவர் பேனா அன்று முந்நூறு நானூறு வரிகளில் நிற்காமல் ஓடியது. நின்ற இடங்கள் சில. அந்தச் சில இடங்களில்தான் மொய் என்ற செயலின் முழு அமைப்பும் வெளியே தெரிந்தது: யார் தனிக் குடும்பம், யார் பெயரில் கடன் நிற்கும், யார் ஒப்புதல் வேண்டும். நம் மாணவர்கள் மேசைக்குப் போய், ‘ஐயா, ஏன் மொய் எழுதுகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். ‘நம்ம வழக்கம்பா’ என்ற பதில் வருகிறது. அதைப் பயனற்ற பதில் என்று தள்ளிவிட்டு, பயனுள்ள பதிலைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, பேனா எங்கே நிற்கிறது என்று ஒரு முகூர்த்தம் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெரால்டு கார்ஃபிங்கல் அமெரிக்காவில் தம் மாணவர்களை அன்றாட நடைமுறைகளை வேண்டுமென்றே மீறச் செய்து, எதிரே இருப்பவர்கள் தடுமாறுவதைக் கொண்டு அந்த நடைமுறைகளின் அமைப்பை அறிந்தார். நாம் எதையும் மீறவைக்க வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் தடுமாற்றம் தானாகவே வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் மொய் பற்றிய தம் ஆய்வேட்டில், பதிவு செய்த ஒவ்வொரு மொய்க்கும் பக்கத்தில் அவர் சாப்பிட்டாரா, எந்தப் பந்தி, தாம்பூலம் யார் கொடுத்தார் என்று குறித்திருந்தார். எத்தனையோ நாள் சமையல் கட்டுக்கும் மேசைக்கும் நடந்து சேர்த்தவை. மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் அந்த இயலை ‘தேவையற்ற விவரங்கள்’ என்று சொல்லி நீக்கச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக மொய்யின் ‘பண்பாட்டுப் பொருண்மை’ பற்றி ஓர் இயல் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தார், பட்டம் பெற்றார். நீக்கிய இயலில்தான் அவர்கள் கேட்ட பொருண்மை இருந்தது. இதை இன்று இந்த அவையில் பதிவு செய்கிறேன். அந்த மாணவிக்கு நான் செய்யக்கூடியது இதுதான்.

மொய் வெறும் வட்டியில்லாக் கடன் என்று சொல்பவர்களுக்கும் ஒரு சொல். அவர்கள் மொய் விருந்தைச் சுட்டுகிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி மாதத்தில் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குகிறார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. வாங்கிய பணம் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் பிள்ளைகள் படிப்புக்கும் போகிறது. சில ஆண்டுகளில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். இது கடன்தான், அந்தப் பகுதி மக்களும் அதை மறைப்பதில்லை. ஆனால் கடன் என்று சொல்லி முடித்துவிட்டால், ஏன் அழைப்பிதழ் அடிக்கிறார்கள், ஏன் சோறு போடுகிறார்கள், ஏன் சாப்பிட்ட பிறகே பலர் மேசைக்கு வருகிறார்கள் என்ற கேள்விகள் பாக்கி நிற்கின்றன. மார்செல் மோஸ் 1925இலேயே, கொடுத்தல், வாங்குதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகள் என்று காட்டினார். பியர் பூர்தியூ அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தார்: இடைவெளி. வாங்கியதை உடனே, அதே அளவில் திருப்பிக் கொடுத்தால் அது மறுப்பு. எவ்வளவு காலம் கழித்து, எவ்வளவு கூட்டி என்பதில்தான் கொடையின் பொருள் இருக்கிறது. காலமும் கூடுதலும் தகவல்கள். மொய் நோட்டில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு ரூபாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எப்போதும் கேட்கப்படுவது. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஏன் ஒரு ரூபாய் சேர்க்கிறார்கள்? சுழியில் முடிந்தால் உறவு முடியும், ஒன்று என்றால் தொடரும் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்கலாம். இன்று ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய உறைகளே கடைகளில் விற்கின்றன. ஏறக்குறைய எல்லோர் மொய்யிலும் அந்த ஒன்று இருக்கிறது. முடித்துக்கொண்ட அண்ணன் மொய்யிலும் இருந்தது, தொடங்கிய தம்பி மொய்யில்தான் இல்லை. ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாரையும் வேறுபடுத்திக் காட்டாது. வேறுபாடு வேறு தகவலுக்கு நகர்ந்துவிட்டது. எங்கே நகர்ந்தது என்று பார்ப்பதே வேலை.

அந்தத் திருமணம் நடந்த உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் லூயி துய்மோன் 1949–50இல் களப்பணி செய்தார். பிரமலைக் கள்ளர் பற்றி அவர் 1957இல் வெளியிட்ட நூலில், பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் இடையில் சீர்வரிசைகள் போகும் திசையை எவ்வளவு பொறுமையாகப் பதிந்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். அவர் பிற்காலத்தில் சாதியமைப்பு பற்றி உருவாக்கிய பெருங்கோட்பாட்டோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனால் யார் யாருக்கு எந்தக் கட்டத்தில் எதைக் கொடுத்தார் என்ற அந்தப் பதிவுகள் அவர் கோட்பாட்டைக் கடந்தும் நிற்கின்றன.

கீர்ட்ஸும் உள்ளுறையும்

என் எதிர்த்தரப்பு நண்பர்கள் கீர்ட்ஸைத் தங்கள் சாட்சியாக அழைப்பதால் அவரிடம் ஒரு முறை போய் வருவோம். பாலித் தீவின் சேவல் சண்டை பற்றிய அவர் கட்டுரையை ‘ஆழமான விளக்கம்’ என்பதற்கு முன்மாதிரியாகச் சொல்கிறோம். அந்தக் கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் பந்தயக் கணக்கு. நடுப்பந்தயம் எப்போதும் சமத்துக்குச் சமம். சுற்றி நிற்பவர்கள் கட்டும் பக்கப் பந்தயம் ஒருபோதும் சமமாக இருக்காது, பத்துக்கு ஒன்பதிலிருந்து இரண்டுக்கு ஒன்று வரை போகும். நடுப்பந்தயத்தின் தொகை பெரிதாக ஆக, பக்கப் பந்தயம் சமத்தை நோக்கி நெருங்குகிறது. யார் யார் சேவலுக்கு எதிராகப் பணம் கட்ட மாட்டார் என்பது உறவுமுறையைப் பொறுத்தது. இந்த எண்களையும் விதிகளையும் எடுத்துவிட்டால், மதிப்புக்கும் தகுதிக்குமான நாடகம் அது என்ற அவர் முடிவுக்கு நிற்க இடம் இல்லை. நம் வகுப்பறைகளில் அந்த நடுப்பகுதியைத் தாண்டிச் சென்று முடிவை மட்டும் பாடம் சொல்கிறோம்.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டது. அந்த நிலத்தின் விலங்கு, பறவை, மரம், பூ ஆகியவற்றைச் சரியாகச் சொன்னால்தான் உள்ளே ஒரு பொருள் தோன்றும். மருத நிலத்து எருமை தாமரையை மேய்கிறது என்றால், எருமை எப்போது மேயும், அது கால் வைத்த பொய்கை என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கே பரத்தையிற் பிரிந்த தலைவன் தெரிவான். எருமையைப் பார்த்திராதவருக்கு உள்ளுறை இல்லை. உரையாசிரியர்கள் பறவையின் உணவையும் மீனின் பருவத்தையும் சொல்லி நிற்பதை வீண் விரிவு என்று யாரும் குறை சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நா. வானமாமலையும் பிறகு தொ. பரமசிவனும் இந்த வழியில் வந்தவர்கள்தாம். உப்பும் எண்ணெயும் தேங்காயும் பற்றி ‘அறியப்படாத தமிழக’த்தில் (1997) தொ.ப. எழுதியபோது, இத்தகைய சிறு தகவல்களையே அடிப்படையாகக் கொண்டார்.

தேநீர்க் குவளை

நேரம் குறைந்துகொண்டிருக்கிறது. மொய்க்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். அது தகுதியான அதிகம் என்றே நினைக்கிறேன். இன்னும் ஓர் எடுத்துக்காட்டைத் தொட்டாவது போக வேண்டும், ஏனென்றால் தகவலை இகழ்வதால் நேரும் தீங்கு அதில் வெளிப்படை.

ஊர்த் தேநீர்க் கடையில் சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குத் தனிக் குவளை என்றிருந்த இரட்டைக் குவளை முறை சட்டத்துக்கும் போராட்டத்துக்கும் பிறகு பல இடங்களில் மறைந்தது. பின்னர் தாள் குவளை வந்தது. குவளை மாறியதால் தீண்டாமை போய்விட்டது என்று ஒரு தரப்பும், எந்தக் குவளையானாலும் உள்ளே இருப்பது சாதிதான் என்று மறு தரப்பும் பேசுகின்றன. இரண்டும் பொதுப்பேச்சு. சில ஊர்களில் தலித் மக்களுக்கு மட்டும் தாள் குவளை நீட்டப்படுவதைக் களத்தில் இறங்கியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு இடங்களில் எல்லோருக்குமே தாள் குவளை. யாருக்கு எது நீட்டப்படுகிறது, பெஞ்சில் யார் உட்காருகிறார், குவளையைக் கழுவுவது யார், சில்லறையைக் கையில் கொடுக்கிறார்களா கல்லாவில் வைக்கிறார்களா, இந்தச் சிறு சிறு தகவல்களைக் கடைக்குக் கடை குறித்தவர்கள்தாம் உண்மையைக் கண்டார்கள். தோழர்களாகக் களத்துக்குப் போன இளைஞர்கள் செய்த இந்தக் கணக்கெடுப்பை நம் துறை தன் ஆய்வாக ஏற்கத் தயங்குகிறது. அது தவறு என்று அழுத்திச் சொல்கிறேன்.

விடைபெறும்போது ‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்பது, சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் எழுந்து வருவது, இறப்பு நேர்ந்த வீட்டு வாசலில் கோலம் இல்லாதிருப்பது, மறுபடி என்று யார் போடுகிறார் என்பது, எல்லாவற்றிலும் இதே முறை செல்லும் என்று நம்புகிறேன். விரித்துக் காட்ட இப்போது நேரமில்லை.

இனிச் செய்ய வேண்டியவை

ஆய்வு மாணவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். மொய் நோட்டுகளைச் சேகரிக்க வேண்டும். ஒரே வீட்டின் இரண்டு மூன்று தலைமுறை நோட்டுகள் கிடைத்தால் எதிர்வீட்டு நோட்டுகளோடு வைத்து வரிக்கு வரி ஒப்பிடலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்தவை ஒரு பெரிய ஆய்வு நூலகமானதை நாம் கண்டிருக்கிறோம். மொய் நோட்டுக்கும் அப்படி ஓரிடம் வேண்டும். நோட்டு கொடுப்பவர்களின் பெயர்களும் கடன்களும் வெளிவராமல் காக்கும் ஏற்பாட்டோடு.

பெண்கள் பெயர் நோட்டில் எப்போது வருகிறது? கணவர் இருக்கும்போது வருவது குறைவு. கணக்கை நினைவில் வைத்திருப்பதோ பெரும்பாலும் பெண்கள். இது தனி ஆய்வேடு. பாகப்பிரிவினையில் மொய்யைப் பிரிக்கும் முறை மற்றொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பின்பும், 2020இல் பெருந்தொற்றில் கூட்டம் கூடாமல் போன பின்பும், பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் திருப்பிச் செய்யும் காலம் எப்படித் தள்ளிப்போனது என்பதை அந்த ஊர்களில் உறவு உள்ள மாணவர் ஒருவர் எடுக்கலாம். முஸ்லிம், கிறித்தவத் திருமண வீடுகளின் மொய் முறையையும் இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர் வழக்கங்களையும் ஒப்பிட வேண்டும். செல்பேசியில் பணம் அனுப்பிவிட்டு நேரில் வராதவரின் வரியை எப்படி எழுதுகிறார்கள், அவர் சாப்பிட்டாரா என்ற கேள்விக்கு அங்கே என்ன இடம் என்பதும் பார்க்க வேண்டியது.

கடைசியாக ஒன்று, இது அவசரம். மதுரைப் பக்கத்தில் இப்போது கணினியில் மொய் பதிந்து கையோடு ரசீது கொடுக்கிறார்கள். அந்த ரசீதுத் தாள் வெப்பத்தால் அச்சாவது. சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். கணினிக் கோப்புகளை எத்தனை வீட்டார் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பழைய நோட்டுகளுக்குக் கரையான் பகை என்றால் இவற்றுக்கு வெயிலே போதும். வரும் வைகாசி முகூர்த்தங்களிலேயே, வீட்டார் இசைவோடு, இவற்றைப் படியெடுக்கத் தொடங்க வேண்டும். துறை இதற்கு ஒரு சிறு நல்கை ஒதுக்குமாறு துறைத் தலைவரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.